பழைய கார் மக்கர் செய்தால்: எப்போது செய்கிறது என்று முதலில் பாருங்கள்

கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுப்பது) வைத்த காரில், கோளாறைப் படித்துச் சொல்லும் ஸ்கேனரை மாட்டிப் பார்க்க இடமே கிடையாது. அதனால் பலர் பயப்படுகிறார்கள். எனக்கு அதுதான் அதன் வசதி என்று தோன்றும். கண்ணும் காதும் மூக்கும் இருந்தால் முக்கால்வாசிக் கோளாறை வீட்டு வாசலிலேயே கண்டுபிடித்துவிடலாம். ஒரு சுமாரான மெக்கானிக் "என்ன கம்ப்ளெயின்ட்?" என்று கேட்பார். கெட்டிக்காரர் "எப்ப வருது?" என்று கேட்பார். காலையிலா, சூடான பிறகா, மேட்டில் ஏறும்போதா, மழைக்குப் பிறகா? பாதிப் பதில் அதிலேயே வந்துவிடும்.

இங்கே சொல்வதெல்லாம் 2000க்கு முந்தைய கார்புரேட்டர் மாருதி 800, பிரீமியர் பத்மினி, பெட்ரோல் அம்பாசடர் மாதிரியான வண்டிகளுக்கு. டீசல் அம்பாசடர் வைத்திருப்பவர்கள் இக்னிஷன் (ஸ்பார்க்) பற்றிச் சொல்வதைத் தாண்டிப் போய்விடலாம்.

கையில் இருக்க வேண்டியவை: ஸ்பேனர் செட் (அம்பாசடருக்கு இன்ச் அளவு வேண்டும், மில்லிமீட்டர் ஸ்பேனர் நட்டின் முனையைத் தின்றுவிடும்), பிளக் ஸ்பேனர், திருப்புளி, ஃபீலர் கேஜ் (சின்ன இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்), மெல்லிய உப்புத்தாள், நல்ல நிலையில் உள்ள ஒரு ஸ்பேர் பிளக், மல்டிமீட்டர். மல்டிமீட்டருக்கு விலை உயர்ந்தது தேவையில்லை. எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் மஞ்சள் நிறச் சின்னது போதும்.

சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்கவில்லை

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு சாவியைத் திருப்புங்கள். விளக்கு ஒரேயடியாக மங்கினால் பேட்டரி காலி, அல்லது டெர்மினல் சரியில்லை. விளக்கு அப்படியே பளிச்சென்று நின்று ஒன்றுமே நடக்கவில்லை என்றால், கரன்ட் செல்ஃப் மோட்டாருக்கே போகவில்லை. சொலனாய்டு (செல்ஃப் மோட்டாருக்குக் கரன்ட்டைத் திறந்துவிடும் பெரிய ஸ்விட்ச்), சாவி ஸ்விட்ச், அதற்குப் போகும் சின்ன வயர் இவற்றைப் பாருங்கள். 'டக் டக் டக்' என்று வேகமாகத் துடித்தால் பெரும்பாலும் பேட்டரி பலவீனம். 'டொக்' என்று ஒரே ஒரு சத்தம் மட்டும் வந்தால் சொலனாய்டுக்குள் இருக்கும் காண்டாக்ட் தேய்ந்திருக்கலாம், செல்ஃபின் கார்பன் பிரஷ் முடிந்திருக்கலாம்.

பேட்டரியைக் குற்றம் சொல்வதற்கு முன் அளந்து பாருங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ். 12க்குக் கீழே போனால் காலி என்று வைத்துக்கொள்ளலாம். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஆல்டர்னேட்டரோ அதன் பெல்ட்டோதான் காரணம். புதுப் பேட்டரி வாங்கினாலும் ஒரு வாரத்தில் அதுவும் படுத்துவிடும்.

பேட்டரி சரி, டெர்மினலும் சுத்தம், ஆனாலும் செல்ஃப் சோம்பேறியாகச் சுற்றுகிறதா? எர்த் வயரைப் பாருங்கள். பழைய வண்டிகளில் அதிகம் கவனிக்கப்படாத இடம் இதுதான். பேட்டரியிலிருந்து பாடிக்கு ஒன்று, இன்ஜினிலிருந்து பாடிக்கு ஒன்று என்று தடித்த பட்டை போகும். அதன் போல்ட்டுக்கு அடியில் துருவும் பெயின்ட்டும் புகுந்துகொள்ளும். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜினின் வெறும் இரும்பிலும் வைத்து, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டுவிட்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. எர்த் மோசமானால் கரன்ட் வேறு வழி தேடும். ஆக்சிலரேட்டர் கேபிள், சோக் (குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுப்பது) கேபிள், கிளட்ச் கேபிள் என்று கிடைத்ததில் ஏறித் திரும்பும். செல்ஃப் அடிக்கும்போது சோக் கேபிள் சுடுகிறது, புகைகிறது என்றால் கேபிளை மாற்றிப் பயனில்லை. பட்டையைக் கழற்றி, இரண்டு பக்கமும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கினால் போதும்.

டெர்மினலில் உப்பு பூத்திருந்தால் சமையல் சோடா கலந்த வெந்நீர் ஊற்றிக் கழுவி, காய்ந்ததும் கொஞ்சம் வாசலின் தடவுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை

பெட்ரோல் வரவில்லையா, ஸ்பார்க் வரவில்லையா என்று முதலில் முடிவு கட்டுங்கள். பத்து முறை செல்ஃப் அடித்தபின் ஒரு பிளக்கைக் கழற்றுங்கள். நனைந்து பெட்ரோல் வாசனை வந்தால் பெட்ரோல் வருகிறது, எரிய மாட்டேன் என்கிறது. காய்ந்த கட்டையாக இருந்தால் பெட்ரோலே வரவில்லை.

ஸ்பார்க் பார்க்க, ஸ்பேர் பிளக்கை வயரில் மாட்டி அதன் உடலை இன்ஜின் இரும்பில் சாய்த்து வைத்து செல்ஃப் அடியுங்கள். கையில் பிடிக்க வேண்டாம். கழற்றிய பிளக் துளையிலிருந்தும் கார்புரேட்டரிலிருந்தும் தள்ளி வையுங்கள், அங்கே பெட்ரோல் ஆவி இருக்கும். நீல நிறத்தில் தடித்து, 'டப் டப்' என்று கேட்கும்படி அடித்தால் நல்ல ஸ்பார்க். மஞ்சளாக, நூல் மாதிரி இருந்தால் இருந்தும் இல்லாத கணக்கு.

ஸ்பார்க் இல்லை என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு பிளக்குக்கும் ஸ்பார்க்கைப் பிரித்துக் கொடுப்பது) மூடியைத் திறந்து, உள்ளே திறந்து மூடும் காண்டாக்டான பாயிண்ட்டைப் பாருங்கள். ஒரு முகத்தில் மேடும் மறுமுகத்தில் பள்ளமும் விழுந்திருக்கும். உப்புத்தாளை மடித்து இடையில் விட்டு நாலு இழு இழுத்து, பிறகு ஒரு சுத்தமான விசிட்டிங் கார்டை விட்டுத் துடைத்தெடுங்கள். தூள் உள்ளே தங்கினால் வேலை வீண். இடைவெளி மாருதியில் 0.4 முதல் 0.5 மி.மீ., அம்பாசடரில் 0.35 முதல் 0.40. பாயிண்ட்டின் நடைக்கட்டை (கேமில் உரசும் துண்டு) கேமின் (சுற்றும்போது பாயிண்ட்டைத் திறக்கும் மேடுள்ள தண்டு) உச்சியில் நிற்கும்போது அளக்க வேண்டும். சரிவில் நிற்கும்போது அளந்துவிட்டு, சரியாகத்தானே வைத்தேன் என்று தலையைச் சொறிபவர்கள் நிறைய.

மழை நாளிலும் பனிக் காலையிலும் மட்டும் வருகிற கோளாறு என்றால் மூடியை உள்ளும் புறமும் காய்ந்த துணியால் துடைத்தாலே வண்டி கிளம்பிவிடும். துடைத்தும் வந்தால் மூடியின் உட்புறத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பென்சிலால் கிறுக்கியது மாதிரி ஒரு மெல்லிய கருங்கோடு தெரிந்தால், ஸ்பார்க் அந்தக் கோடு வழியாக ஓடி வீணாகிறது. சுரண்டிப் பார்க்க வேண்டாம், மூடியை மாற்றிவிடுங்கள்.

பிளக் வயரைச் சோதிக்க இருட்டு போதும். இரவில் வெளிச்சமில்லாத இடத்தில் இன்ஜினை ஓடவிட்டு பானட்டைத் திறந்து பாருங்கள். வெடித்த வயரின் மேல் நீல நிறத்தில் சின்னச் சின்ன மின்னல் ஊர்வது தெரியும். பூவுக்குத் தெளிக்கிற பாட்டிலால் வயர் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்தால் இன்னும் நன்றாகத் தெரியும். தொட்டுப் பார்க்கிற ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள்.

வயரைக் கழற்றி மாட்டும்போது வரிசை மாறினால் வண்டி தும்மும், கிளம்பாது. மாருதிக்கு 1-3-2, அம்பாசடருக்கும் பத்மினிக்கும் 1-3-4-2. கழற்றும் முன் மொபைலில் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்.

ஸ்பார்க் இருந்து பெட்ரோல் வரவில்லை என்றால், இக்னிஷன் காயிலின் (ஸ்பார்க்குக்கான உயர் மின்னழுத்தத்தை உண்டாக்குவது) வயரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டருக்குப் போகும் ஹோஸை ஒரு பாட்டிலுக்குள் விட்டு செல்ஃப் அடியுங்கள். விட்டு விட்டு, நன்றாகப் பீய்ச்ச வேண்டும். சொட்டினால் முதலில் ஃபில்டரையும், அப்புறம் பம்பின் டயஃப்ரத்தையும் (உள்ளே அசைந்து பெட்ரோலைத் தள்ளும் ரப்பர் தகடு) பாருங்கள். இப்போது பெட்ரோல் பங்கில் கிடைக்கிற பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. அந்தக் காலத்து ரப்பர் ஹோஸும் டயஃப்ரமும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஹோஸ் உப்பி, பிசுபிசுத்து, உள்ளே உரிந்து, கருப்புத் துகளாக ஃபில்டரில் வந்து நிற்கும். அப்படிப் பார்த்தால் ஃபில்டரை மட்டும் மாற்றிவிட்டுத் திருப்திப்படாதீர்கள். டேங்க்கிலிருந்து வரும் எல்லா ரப்பரையும் எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றுங்கள்.

ஓடி ஓடிச் சூடானதும் நின்றுவிடுகிறது, ஆறினால் மறுபடி ஓடுகிறது

அதிகம் பணம் தின்னும் கோளாறு இது. குற்றவாளிகள் நாலு பேர், நாலு பேரும் ஒரே மாதிரி நடிப்பார்கள். ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துக்கொண்டு போவதற்குள் வண்டி ஆறிவிடும், அங்கே ஒரு கோளாறும் தெரியாது. நின்ற அந்த இரண்டு நிமிடத்தில் நீங்கள் என்ன பார்க்கிறீர்கள் என்பதுதான் கணக்கு.

எங்கள் வீட்டுப் பத்மினி இப்படித்தான் எங்களை ஒரு கோடைக்காலம் முழுக்க ஆட்டி வைத்தது. நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் ஓடும். அப்புறம் இழுவை குறைந்து, இரண்டு முறை குலுங்கி, ஓரமாக நின்றுவிடும். கால் மணி நேரம் மரத்தடியில் நின்றால் ஒன்றும் நடக்காதது மாதிரி ஸ்டார்ட் ஆகும். ஒரு ஒர்க்‌ஷாப்பில் கார்புரேட்டரைப் பிரித்து மாட்டினார்கள். இன்னொன்றில் பெட்ரோல் பம்பை மாற்றினார்கள். மூன்றாவது ஆள் காயிலை மாற்றச் சொன்னார், அதையும் மாற்றினோம். ஒரு நாள் வண்டி நின்ற இடத்திலேயே பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க அப்பா டேங்க் மூடியைத் திறந்தார். 'ஸ்ஸ்ஸ்' என்று டேங்க் மூச்சை உள்ளே இழுத்தது. உடனே ஸ்டார்ட் ஆனது. பழைய மூடி தொலைந்துபோய், பூட்டு வைத்த புது மூடி ஒன்றை வாங்கி மாட்டியிருந்தோம். அதில் காற்றுத்துளை இல்லை. பெட்ரோல் குறையக் குறைய டேங்க்குக்குள் வெற்றிடம் சேர்ந்து, பம்ப் இழுக்க முடியாமல் திணறியிருக்கிறது.

ஆகவே வண்டி நின்றதும் முதல் வேலை டேங்க் மூடியைத் திறந்து காது கொடுப்பது. காசு செலவில்லை.

சத்தம் வரவில்லையா, உடனே ஸ்பேர் பிளக்கை வைத்து ஸ்பார்க் பாருங்கள். ஸ்பார்க் இல்லை அல்லது மஞ்சளாக இருக்கிறது என்றால் காயில், அல்லது கன்டென்சர் (பாயிண்ட்டில் பெரிதாகப் பொறி பறக்காமல் தடுப்பது). காயில் உள்ளே சுற்றியிருக்கும் மெல்லிய கம்பி சூட்டில் விரிந்து விட்டுப்போகும், ஆறினால் சேர்ந்துகொள்ளும். ஓடும்போது காயில் சூடாவது சகஜம். ஆனால் கை வைக்கவே முடியாத அளவுக்குக் கொதித்தால் சந்தேகப்படுங்கள். கன்டென்சர் போனால் பாயிண்ட் காட்டிக்கொடுத்துவிடும்: திறந்து மூடும்போதெல்லாம் பெரிதாகப் பொறி பறக்கும், புதுப் பாயிண்ட் சில நாளிலேயே கருகிவிடும். கன்டென்சர் விலை குறைந்த சாமான். நன்றாக ஓடிய பழைய ஒன்றைக் கழற்றினால் தூக்கிப் போடாமல் டேஷ்போர்டில் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் புதிதாக வாங்கியதே சில நேரம் முதல் நாளே பல்லிளிக்கும்.

ஸ்பார்க் நன்றாக இருந்து பெட்ரோல் வரவில்லை என்றால் அடுத்த ஆள் வேப்பர் லாக். பெட்ரோல் பம்ப் இன்ஜினோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. மே மாத வெயிலில், நெரிசலில், அதன் சூடு பெட்ரோலைப் பைப்புக்குள்ளேயே ஆவியாக்கிவிடும். பம்ப் திரவத்தைத் தள்ளப் பிறந்தது, ஆவியைத் தள்ளத் தெரியாது. பம்ப் மேல் ஈரத்துணி சுற்றிய டாக்ஸிகளைப் பார்த்த தலைமுறைக்கு இது புதிதில்லை. நின்ற இடத்தில் அந்த வைத்தியம் இன்றும் கேட்கும். பம்ப் மேல் ஈரத்துணியைப் போட்டதும் ஐந்து நிமிடத்தில் ஸ்டார்ட் ஆனால் நோய் உறுதி. நிரந்தரத் தீர்வு வேண்டுமானால் பெட்ரோல் பைப் சைலன்சர் மேனிஃபோல்டுக்கு அருகில் போகிறதா பாருங்கள், தள்ளிப் பிடித்துக் கட்டுங்கள். பம்புக்கும் இன்ஜினுக்கும் நடுவே இருக்கும் தடித்த கட்டையை யாராவது முன்பு கழற்றிவிட்டு வெறும் பேக்கிங் போட்டிருந்தால் அதைத் திரும்ப வையுங்கள். சூட்டைத் தடுக்கத்தான் அது அங்கே இருக்கிறது.

டெம்பரேச்சர் முள் ஏறுகிறது

எப்போது ஏறுகிறது? டிராஃபிக்கில் நிற்கும்போது மட்டும் ஏறி, வேகமாக ஓட்டினால் இறங்குகிறதா? ஃபேன்தான். மாருதியில் ஃபேன் மின்சாரத்தில் ஓடுவது. ரேடியேட்டர் பக்கம் இருக்கும் தெர்மோ ஸ்விட்சின் வயர்களைக் கழற்றி ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பிடியுங்கள். ஒற்றை வயர் வந்தால் அதை இன்ஜினில் எர்த் கொடுங்கள். ஃபேன் சுற்றினால் ஸ்விட்ச் போய்விட்டது. சுற்றாவிட்டால் ஃபியூஸ், அப்புறம் மோட்டார். அம்பாசடரில் பெல்ட் ஃபேன் என்பதால் பெல்ட்டை நடுவில் விரலால் அமுக்கிப் பாருங்கள். அரை அங்குலத்துக்கு மேல் தொங்கினால் இறுக்குங்கள்.

ஹைவேயில் வேகமாக ஓடும்போது ஏறினால் ரேடியேட்டர் உள்ளே உப்பு அடைத்திருக்கிறது. பல வருஷமாக போர் தண்ணீர் ஊற்றிய வண்டிகளுக்கு இது வராவிட்டால்தான் ஆச்சரியம். ரேடியேட்டரின் கீழ் ஹோஸையும் ஒருவரை ஆக்சிலரேட்டர் கொடுக்கச் சொல்லிப் பாருங்கள். பழையதானால் உறிஞ்சு குழல் மாதிரி உள்ளே ஒட்டிக்கொள்ளும்.

ஸ்டார்ட் செய்த சில நிமிடத்திலேயே ஏறினால் தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) மூடியபடி மாட்டிக்கொண்டிருக்கலாம். நம் ஊரில் அதைக் கழற்றித் தூர எறிந்துவிட்டு "இது வெயில் ஊருக்குத் தேவையில்ல சார்" என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. அது இல்லாவிட்டால் இன்ஜின் சூடாக வேண்டிய அளவுக்குச் சூடாகாது, பெட்ரோல் குடிக்கும், ஆயிலில் ஈரம் தங்கும். நூலில் கட்டி கொதிக்கும் தண்ணீரில் தொங்கவிட்டுப் பாருங்கள். திறந்தால் நல்லது, அப்படியே மாட்டுங்கள்.

ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் நிற்காமல் குமிழி வருகிறதா? ஆயில் கேஜ் கம்பியில் பால் டீ நிறத்தில் நுரை இருக்கிறதா? ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது. இதற்கு மேல் ஓட்டாதீர்கள், ஹெட் வளைந்தால் செலவு பல மடங்கு. சூடாக இருக்கும்போது எந்தக் காரணத்துக்காகவும் ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டாம். உள்ளே தண்ணீர் அழுத்தத்தில் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும், திறந்த கணம் முகத்தில் பீய்ச்சும்.

ஸ்லோ (ஆக்சிலரேட்டரை அழுத்தாதபோது இன்ஜின் ஓடும் ஓட்டம்) நிற்கவில்லை, மிஸ்ஸிங் (ஏதோ ஒரு சிலிண்டர் விட்டுப்போவது) அடிக்கிறது

இன்ஜினை நிறுத்தி, ஒரு பிளக் வயரைக் கழற்றி இரும்பில் எர்த் கொடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஒவ்வொன்றாக இப்படிச் செய்தால், எந்த வயரைக் கழற்றியும் ஓட்டத்தில் வித்தியாசமே தெரியவில்லையோ அந்த சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. மூன்று சிலிண்டர் மாருதியில் இது பளிச்சென்று தெரியும். அந்தப் பிளக்கை அடுத்த சிலிண்டர் பிளக்கோடு மாற்றிப் போடுங்கள். கோளாறு கூடவே போனால் பிளக், அங்கேயே நின்றால் வயர், வால்வு, கம்ப்ரஷன்.

எல்லா சிலிண்டரும் வேலை செய்தும் ஸ்லோ ஏறி இறங்கினால் கார்புரேட்டருக்கு அடியில் உள்ள பேக்கிங்கிலோ வேக்கம் ஹோஸிலோ காற்று புகுகிறது. காதருகே ஒரு நீள ஹோஸை வைத்து மறுமுனையை அங்கங்கே நகர்த்துங்கள், 'உஸ்' என்ற சத்தம் இடத்தைச் சொல்லிவிடும். சோக் போட்டால் சரியாகிறது என்றால் ஸ்லோ ஜெட் அடைப்பு. ஜெட்டைக் கம்பியால் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். காற்றடித்தால் போதும்.

புகை

கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம்: சோக் முழுதாகத் திறக்கவில்லை, கார்புரேட்டரின் ஃப்ளோட் (மிதவை) ஓட்டை, ஏர் ஃபில்டர் அடைப்பு. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு முறை குபுக்கென்று வந்து நின்றுபோனால் வால்வு சீல். மேட்டில் அழுத்தும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங். குளிர்ந்த காலையில் லேசான வெள்ளை ஒன்றுமில்லை. சூடான பிறகும் அடர்த்தியாக வந்து தண்ணீரும் குறைந்தால் மறுபடி ஹெட் கேஸ்கெட்.

கிளட்சும் சக்கரச் சத்தமும்

வண்டி நிற்கும்போது ஹேண்ட்பிரேக்கை இறுக்கி, நாலாவது கியர் போட்டு, கிளட்சை மெதுவாக விடுங்கள். எதிரில் ஆளோ சுவரோ இல்லாத இடமாகப் பார்த்துச் செய்யுங்கள். இன்ஜின் உடனே அணைந்தால் பிளேட் பிடிக்கிறது. அணையாமல் ஓடிக்கொண்டிருந்தால் வழுக்குகிறது. பிளேட்டை மாற்ற முடிவு செய்யும் முன் மாருதியில் கேபிள் அளவுக்கு மீறி இறுகியிருக்கிறதா என்று பாருங்கள்.

திரும்பும்போது முன்சக்கரத்தில் 'டக் டக்' என்றால் மாருதியில் சி.வி. ஜாயின்ட் (முன்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொடுக்கும் மூட்டு). அம்பாசடரிலும் பத்மினியிலும் கிளம்பும்போது அடியில் 'டொக்' என்றால் புரொப்பெல்லர் ஷாஃப்டின் (கியர்பாக்ஸிலிருந்து பின்பக்கம் போகும் தண்டு) கிராஸ் எனப்படும் மூட்டு. வேகத்தோடு கூடும் 'உம்ம்' என்ற ரீங்காரம் இடது வளைவில் அதிகமானால் வலது பக்க பேரிங். வலது வளைவில் அதிகமானால் இடது.

பிரேக்

மிதி பஞ்சு மாதிரி இருந்தால் லைனில் காற்று. ஒரே மிதியில் கீழே போய், இரண்டு மூன்று முறை பம்ப் செய்தால் மேலே வந்தால் பின் டிரம் அட்ஜஸ்ட்மென்ட். அழுத்தியபடியே வைத்திருக்கும்போது மெல்ல மெல்லத் தரையைத் தொட்டால் மாஸ்டர் சிலிண்டர் சீல் போய்விட்டது. அதன்பிறகு வண்டி நகரக் கூடாது, ஆளை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். டிரம்மைத் திறந்தால் உள்ளே படிந்த தூசியை வாயால் ஊதாதீர்கள், பழைய லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். வீல் சிலிண்டர் ரப்பரை விரலால் லேசாக விலக்கிப் பார்த்தால், உள்ளே ஈரம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஈரம் இருந்தால் அந்தப் பக்கம் மட்டுமல்லாமல் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள்.